அனுப்பி வைக்காத பந்தி

ஆவரங்குடா மெதடிஸ்த தேவாலயத்தில், வருசத்தின் முதல் ஞாயிறான உடன்படிக்கை ஞாயிறன்று கடைசிப் பந்தியில் முழந்தாளிட்ட நாலு பேரும், எழும்பி வீட்டுக்குப் போன பிறகும், அதே இடத்தில் முழந்தாளிட்டபடி இருந்தார்கள் என்பதை முதலில் கண்டவள் சுகிர்தம். அந்த நாலு பேரில் அவளும் ஒருத்தி என்பதால், கண்டதை நம்புவதற்கு முன்னமே அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது. சனிக்கிழமை பின்னேரம் விளக்குமாறும் தண்ணீர் வாளியுமாகக் கோயில் கூட்ட வந்தவள், பீடத்துக்கு முன்னால் இருக்கிற மரக் கிராதியோரம் தன் முதுகைத் தானே பார்த்தாள். ஐம்பத்தெட்டு வயதுவரை அவள் பாராத முதுகு அது. சட்டையின் கொழுக்கி ஒன்று கழன்றிருந்தது, குதிக்கால் இரண்டும் வெடித்துக் கிடந்தன, இந்தக் கோலத்திலா முன்வரிசை மர வாங்கில் நின்று சபையோடு பாட்டுப் பாடினேன் என்று நொந்துகொண்டு, தன் தாலிக்கொடியில் கோத்திருந்த ஊசியைக் கழற்றி அந்தச் சட்டையில் குத்திவிட்டாள். குத்தும்போது விரலில் சூடு பட்டது. மூச்சு இருந்தது. பிறகு அவள் நாலு பேரையும் சுற்றிக் கூட்டினாள், ஏனென்றால் அடுத்த நாள் ஞாயிறு.

நடந்தது இவ்வளவுதான். ஆவரங்குடாக் கோயில் சின்னக் கோயில், கிராதியும் அதற்கேற்ற கிராதி, ஒரே தரத்தில் எல்லாரும் முழந்தாளிட இடம் காணாது; அதனால் திருவிருந்துக்குக் கல்யாண வீட்டுச் சாப்பாடுபோலப் பந்தி பந்தியாகத்தான் போவார்கள். போதகர் அப்பம் கொடுப்பார், சின்னக் கிண்ணங்களில் முந்திரிகைச் சாறு கொடுப்பார், கடைசிக் கிண்ணமும் வெறுமையான பிறகு கையை உயர்த்தி, "சமாதானத்தோடே போங்கள்" என்பார். அந்தச் சொல் விழுந்த பிறகுதான் பந்தி எழும்பும். முழங்கால் நோகிறவர்களும் பொறுப்பார்கள், பச்சைப் பிள்ளையை வாங்கில் கிடத்திவிட்டு வந்த தாயும் பொறுப்பாள், தனியே ஒருத்தர் எழும்பினதாகச் சரித்திரமே கிடையாது. அந்தப் பக்கத்தில் யாரும் யாரையும் பார்த்துப் போ என்று சொல்வதில்லை, வாசற்படலை வரை வந்து போட்டு வாங்கோ, அதாவது போய்விட்டு வாருங்கள், என்றுதான் சொல்வார்கள். ஊர் முழுவதிலும் போங்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லப்படுகிற ஒரே இடம் அந்தக் கோயில் என்பதால், அந்தச் சொல்லுக்கு ஒரு பாரம் இருந்தது.

கடைசிப் பந்தியில் எப்போதும் அதே நாலு பேர்தான் வருவார்கள். சபை விசாரணைக்காரர் வேதநாயகம் எல்லாரையும் வரிசையாக அனுப்பிவிட்டு வருவார். கிண்ணம் கழுவுகிற அவர் மனைவி சுகிர்தம் கூடவே வருவாள். ஆர்மோனியத்தை விட்டு எழும்பி மேபிள் ரீச்சர் வருவா. மணிக்கயிற்றை விட்டுவிட்டு, ஊரில் தேங்காய் பறிக்கிற அருளப்பு வருவான். அந்த ஞாயிறு நாலு பேரும் குடித்து முடித்தார்கள். முதிய போதகர் சற்குணம் கையை உயர்த்தினார், வாயைத் திறந்தார், திறந்த வாய் திறந்தபடி நின்றது, பிறகு வெள்ளை அங்கியோடு மெல்ல மடிந்து பீடத்தின் படியில் விழுந்தார். சொல் வரமுதலே எழும்பிப் போய் அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்தவள் சுகிர்தம். அவளைப் பார்த்து மற்ற மூவரும் எழும்பினார்கள். வான் ஒன்றில் ஏற்றி ஆசுபத்திரிக்குக் கொண்டு போனார்கள், முச்சந்தி தாண்டமுதலே உயிர் போய்விட்டது. அவருடைய சொந்த ஊரில் அடக்கம், ஊரே அங்கு போய்ப் பழியாய்க் கிடந்தது, சனிக்கிழமைவரை கோயில் கதவை யாரும் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்த சபை பார்த்தது, உட்கார்ந்தது, முதற் பாட்டைப் பாடியது. மேபிள் ரீச்சர் மட்டும் கிராதி வரை போய்த் தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எனக்கு இவ்வளவு கூன் விழுந்து போச்சு, உங்களில ஒருத்தராவது சொன்னியளே?" என்று சபையைக் கேட்டுவிட்டு ஆர்மோனியத்தடிக்குப் போனா. பாட்டு முடிந்து அடுத்த பாட்டுத் தொடங்குகிற அந்த இடைவெளியில், கோயில் அமைதியாகிற நேரத்தில், கிராதியிலிருந்து நாலு மூச்சு ஒன்றாக உள்ளே போய் ஒன்றாக வெளியே வருகிற சத்தம் கேட்டது. முதல் மாதம் அதற்கு எல்லாருக்கும் மயிர்க்கூச்செறிந்தது. பிறகு மேபிள் ரீச்சர் அந்த இடைவெளி விழாதபடி வாசிக்கப் பழகிக்கொண்டா.

வருகைப் புத்தகத்தில் அறுபத்தொரு பேர் என்று எழுதுவதா, அறுபத்தைந்து பேர் என்று எழுதுவதா என்று வேதநாயகம் கேட்க, சபைக் குழு இரண்டு கிழமை மூளையைப் பிசைந்தது. முழந்தாளில் இருப்பவர்கள் போன ஆராதனையைச் சேர்ந்தவர்கள், அவர்களுடைய ஆராதனை இன்னும் முடியவில்லை, ஆகையால் புதிதாக எண்ணத் தேவையில்லை என்று தீர்மானம் நிறைவேறியது. சேகரத்துப் பெரிய போதகர் வந்து பார்த்துவிட்டு, திருச்சபையின் மேற்சபையான சினோட்டுக்கு எழுதினார். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்திருக்கிறோம் என்று பதில் வந்தது. நிகழ்ச்சி நிரலில் ஒரு விடயம் சேர்ந்துவிட்டதென்றால் பிறகு அதற்காக ஒருவரும் அவசரப்படத் தேவையில்லை என்பது மெதடிஸ்தர்களுக்குத் தெரியும்.

புதிதாக வந்த போதகர் ஜெயசீலனுக்கு அதுதான் முதல் சபை. முதல் திருவிருந்து அன்று அவர் கிராதிக்கு உட்புறம் போய் நின்றார், அங்கிருந்துதான் நாலு பேருடைய முகமும் தெரியும். கிராதியின் இடப்பக்கத்தை அந்த நாலு பேருக்கும் விட்டு, வலப்பக்கத்தில் மற்றவர்களுக்குக் கொடுத்தார், அனுப்புகிற சொல்லையும் அந்தப் பக்கம் திரும்பித்தான் சொன்னார், பந்திகள் ஐந்தாகின, ஆராதனை கால் மணித்தியாலம் நீண்டது. வைகாசியில் ஒரு கல்யாணம் வந்தபோது படத்தில் இவர்கள் விழுவார்களே என்று பெண்ணின் தாய் முகத்தைச் சுளித்தாள், பிறகு நாலு பேருக்கும் மல்லிகைச் சரம் சுற்றி விட்டார்கள், படம் நன்றாகவே வந்தது. அறுப்புப் பண்டிகைக்கு வந்த பூசணிக்காய்கள் மேபிள் ரீச்சரின் முதுகோடு சாய்த்து வைக்கப்பட்டன. அருளப்புவின் தோளில் குளவி மண்கூடு கட்டியது, குளவி பறந்து போகும்வரை சுகிர்தம் அதைத் தட்டவில்லை. அடுத்த ஊர்ச் சைவச் சனம் வந்து யன்னல் படியில் கற்பூரம் கொளுத்திவிட்டுப் போனது, வேதநாயகம் சத்தம் போட்டார், பிறகு அவர்களுடைய கன்றுக்குச் சுகமானதைக் கேள்விப்பட்டு, கரியைத் துடைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார்.

எழும்பி வீட்டுக்குப் போன நாலு பேருக்கும் மட்டும் வேறொன்று இருந்தது, அதை அவர்கள் கனகாலம் தங்களுக்குள்ளும் கதைக்கவில்லை. எதைச் சாப்பிட்டாலும், எதைக் குடித்தாலும், வாயில் முந்திரிகைச் சாற்றின் ருசிதான் நின்றது. மீன்குழம்பும் அதே ருசி, தேத்தண்ணியும் அதே ருசி, பல்லுத் தீட்டினாலும் போகாத இனிப்பு அது.

ஆடி மாதம் அருளப்பு தென்னையிலிருந்து விழுந்தான். நாற்பது அடி, கீழே கிணற்றுக் கட்டு. கழுத்து முறிகிற சத்தம் மூன்று வளவுக்குக் கேட்டது. அவன் மனைவி யோகம் தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தபோது, அவன் எழுந்து உட்கார்ந்து, பறித்த தேங்காயை எண்ணிக்கொண்டிருந்தான், தலை மட்டும் ஒரு பக்கம் சரிந்து தோளோடு கிடந்தது. அதன் பிறகு அந்தத் தலை நிமிரவேயில்லை. ஊர் ஆண்டவரைத் துதித்தது, யோகம் தோத்திரக் காணிக்கை வைத்தாள். ஆவணியில் மேபிள் ரீச்சருக்கு மயக்கம் வந்து, பார்க்க வந்த தாதி நாடியைத் தேடித் தேடி, இடக்கையில் இல்லை, வலக்கையில் இல்லை, கழுத்தில் இல்லை என்று வெளிறிப்போய் நின்றாள். ரீச்சர் அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னா: "பயப்படாதேயும் பிள்ளை. எங்களை இன்னும் அனுப்பேல்ல. அதுதான்."

அப்போதுதான் ஊருக்கு விளங்கியது. விளங்கியதும் ஊருக்கு ஒரே பெருமை, நாலு பேர் சாகமாட்டார்கள் என்றால் அது ஆசீர்வாதம்தானே என்று எல்லாரும் சொன்னார்கள், சுகிர்தமும் சொன்னாள்.

கார்த்திகையில் வேதநாயகத்தின் வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. வெட்டிப் பார்த்த டாக்குத்தர்மார் திரும்பத் தைத்து, மார்கழி தாண்டாது என்று சொல்லி வீட்டுக்கு விட்டார்கள். மார்கழி தாண்டியது. அடுத்த உடன்படிக்கை ஞாயிறு வந்து போனது. தையில் சோறு இறங்காமல் போனது, மாசியில் தண்ணீரும் இறங்காமல் போனது, தசை போய்த் தோலும் எலும்புமாக உடம்பு முடிந்துவிட்டது, நோ மட்டும் முடியவில்லை. முதலில் கத்தினார், பிறகு கத்தக் குரல் இல்லாமல் வாயை மட்டும் திறந்தார், அந்த வாய் போதகர் சற்குணத்தின் வாய் திறந்தபடி நின்றதுபோலத் திறந்தே நின்றது. சுகிர்தம் அவரை உயிருக்குயிராக நேசித்தவள். அவர் செத்தால் போதும் என்று தன் மனம் நினைப்பதைத் தானே கேட்டுக் கூனிக் குறுகிப் போனாள்.

ஒரு காலை அவர் அவளுடைய கையைப் பிடித்துச் சொன்னார்: "சுகிர்தம், என்னை அனுப்பச் சொல்லும்."

போதகர் ஜெயசீலன் நல்ல மனிதர், கேட்ட உடனே வந்தார். கிராதிக்கு உட்புறம் நின்று, முழந்தாளில் இருந்த வேதநாயகத்தின் தலையில் கை வைத்து, அவருக்கு மட்டுமாக, சமாதானத்தோடே போ என்றார். நாலு மூச்சும் ஒன்றாக உள்ளே போயின, ஒன்றாக வெளியே வந்தன. ஒருவரும் அசையவில்லை.

"பந்தி பந்தியாத்தான் ஐயா எழும்பும்," என்றா வாங்கில் இருந்த மேபிள் ரீச்சர். "எல்லாரையும் சேர்த்துச் சொல்லுங்கோ. எனக்குச் சம்மதம். நாடி இல்லாமல் எவ்வளவு நாளைக்குத்தான் நான் ஆர்மோனியம் வாசிக்கிறது?"

அப்போது யோகம் உள்ளே வந்தாள். இரண்டு பெண் பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு வந்து கிராதிக்கு முன்னால், சுகிர்தத்துக்கு எதிரே நின்றாள். அருளப்பு வாசலிலேயே நின்று நிலத்தைப் பார்த்தான், சரிந்த தலைக்கு அவனால் வேறெதையும் பார்க்க முடியாது.

"அக்கா, உங்கட மனுசன் படுக்கையில கிடக்கிறார். என்ர மனுசன் நடந்து திரியிறார்."

"தெரியும் பிள்ளை."

"சின்னவளுக்கு இப்பதான் ஆறு வயசு."

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ அக்கா கேக்கிறியள்?"

போதகர் புத்தகத்தை மூடினார். "ஒருத்தர் வேண்டாம் எண்டாலும் நான் சொல்லமாட்டன்," என்றார், குழுவும் சினோட்டின் முடிவைப் பார்ப்போம் என்று எழுதிவைத்தது. அடுத்த நாள் தொடக்கம் ஒவ்வொரு காலையும் சுகிர்தத்தின் வாசற்படியில் இரண்டு இளநீர் சீவி வைத்திருந்தது. அருளப்புதான் வைத்தான். வேதநாயகத்தால் குடிக்க முடியாது என்று அவனுக்கும் தெரியும்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை, நல்ல வெயில். அன்று காலை வேதநாயகம் தன் கீழுதட்டைக் கடித்துத் துண்டாக்கிவிட்டார், இரத்தம் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரியை அவருக்குப் பக்கத்தில் இருத்திவிட்டு, விளக்குமாறும் வாளியுமாகச் சுகிர்தம் கோயிலுக்குப் போனாள். வாளியை வைத்தாள், விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள், கிராதியைத் திறந்து உட்புறம் போய்ப் போதகர் நிற்கிற இடத்தில் நின்றாள். இருபது வருசமாகப் பெண்கள் வகுப்புக்குத் தலைவி அவள், புதன்கிழமை தோறும் கோயிலில் செபம் முடித்து அதே சொற்களைச் சொல்லிப் பெண்களை அனுப்புகிறவள், வாய்க்குப் பழகிய சொல். நாலு முகமும் கண் மூடியிருந்தன. யோகத்தின் சின்னவளை அவள் மறந்துபோய்ச் செய்தாள் என்று யாரும் நினைக்கவேண்டாம். அந்தப் பிள்ளையின் பேர் மெலனி, முன்பல் இரண்டு விழுந்திருந்தது, தகப்பனின் சரிந்த தலைக்கு நேராகத் தானும் தலையைச் சரித்துத்தான் அது கதைக்கும். அதையெல்லாம் நினைத்துக்கொண்டேதான் சுகிர்தம் கையை உயர்த்தினாள்.

"சமாதானத்தோடே போங்கள்," என்றாள்.

முழங்கால்கள் முறிகிற சத்தம் கேட்டது. மேபிள் ரீச்சர் எழும்பி, சேலையைத் தட்டி, பீடத்துக்குத் தலை குனிந்தா. அருளப்பு நேரான கழுத்தோடு எழும்பினான். வேதநாயகம் கொழுத்த கன்னத்தோடு, நோ அறியாத வயிற்றோடு எழும்பினார், எழும்பியவர் நாற்பது வருசப் பழக்கத்தில் திரும்பி, முழங்கால் வாதக்காரியான தன் மனைவியைத் தூக்கிவிடக் கையை நீட்டினார். கிராதியில் இருந்த சுகிர்தம் எழும்பவில்லை. அனுப்பியவளை அனுப்ப அங்கே யாரும் இல்லை. உட்புறம் நின்ற சுகிர்தத்தை அவர் காணவில்லை. நீட்டிய கையோடு கீழே பார்த்தபடி நின்றார், பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்போல உதடு அசைந்தது, நெடுநேரம் நின்றார். கடைசியில் மேபிள் ரீச்சர் தோளில் தொட, கையை மடக்கிக்கொண்டு திரும்பினார். மூவரும் நடுவழியால் நடந்து வாசலைத் தாண்டி வெயிலுக்குள் போனார்கள், வெயில் மட்டும் மிஞ்சியது.

சுகிர்தம் வாளியைத் தூக்கமுதலே கோயிலுக்குப் பின்னால் இருந்த அருளப்புவின் வளவில் யோகத்தின் குரல் எழும்பியது. மெலனியைக் குளிப்பாட்டத் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்த அருளப்பு, வாளியைச் சிந்தாமல் இறக்கி வைத்துவிட்டுக் கிணற்றுக் கட்டோடு சாய்ந்து இருந்தவன் பிறகு எழும்பவில்லையாம். ரீச்சர் தன் வீட்டு ஆர்மோனியத்தின் மேலேயே கவிழ்ந்து கிடந்தா, கட்டைகள் காற்றுத் தீரும்வரை ஊதிக்கொண்டிருந்தன. வேதநாயகத்தின் வாய் மூடியிருந்தது.

மூன்று பெட்டியும் ஒரே ஆராதனையில் போயின. அடக்கம் முடிந்து சேமக்காலையிலிருந்து திரும்புகிற வழியில் சுகிர்தம் யோகத்தின் பக்கத்தில் போய், "பிள்ளை, நான்தான் சொன்னனான்," என்றாள்.

"தெரியும்," என்றாள் யோகம். "விளக்குமாறோட போனியள். நான் கிணத்தடியில நிண்டனான். கூட்டுற சத்தம் கேக்கேல்ல."

மெலனியின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

கிராதியில் ஒருத்தி மட்டும் மிஞ்சினாள். அவளுக்காகச் சொல்லி விடுகிறேன் என்று போதகர் ஜெயசீலன் வந்தபோது சுகிர்தம் மறித்தாள். "வேண்டாம் ஐயா. அது யோகத்தின்ர வாயாலதான் வரவேணும்." மாற்றலாகி வந்த மற்றப் போதகர்மாருக்கும் அதையே சொன்னாள், அவர்களும் சபையின் வழக்கம் இதுவாக்கும் என்று விட்டுவிட்டார்கள். இப்போது இருபத்துமூன்று வருசமாகிறது. சுகிர்தத்துக்கு எண்பத்திரண்டு வயது. ஒருமுறை புடையன் பாம்பு கடித்தது, ஒருமுறை நெருப்புக்காய்ச்சல் வந்தது, இரண்டு கண்ணும் புகைந்துவிட்டன, முழங்கால்கள் கல்லுப்போல வீங்கிவிட்டன, எல்லாம் வந்தன, வந்து அவளோடேயே தங்கிவிட்டன. இந்த வருசம் வேதநாயகத்துக்கு வந்த அதே கட்டி வந்திருக்கிறது. வாயில் அந்த இனிப்பு இன்னும் நிற்கிறது. முழந்தாளில் இருப்பவளுக்கு ஐம்பத்தெட்டு வயதுதான், சட்டையில் குத்திய ஊசி மட்டும் துருப்பிடித்துவிட்டது.

சனிக்கிழமை தோறும் சுகிர்தம் தன்னைச் சுற்றிக் கூட்டுவாள். சனிக்கிழமை தோறும் யோகம் வந்து முன் வாங்கில் இருப்பாள், முழந்தாளில் இருப்பவளைப் பார்ப்பாள், எழும்பிப் போவாள். மெலனிக்கு அந்தக் கிராதியில்தான் கல்யாணம் நடந்தது, தகப்பன் நிற்கவேண்டிய இடத்தில் தாய் நின்றாள், பக்கத்தில் மல்லிகைச் சரத்தோடு சுகிர்தத்தின் முதுகு.

போன சனிக்கிழமை சுகிர்தத்தால் வாளியைத் தூக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கோயில் வாசற்படியில் குந்திவிட்டாள். யோகம் வந்து, ஒரு கணம் நின்று, விளக்குமாற்றை அவள் கையிலிருந்து வாங்கினாள். கோயில் முழுவதையும் கூட்டினாள். சத்தம் நன்றாகக் கேட்டது. பிறகு கிராதியடியில் குனிந்து, துருப்பிடித்த ஊசியைக் கழற்றிவிட்டு, தாலிக்கொடி கழற்றின நாளிலிருந்து தன் சட்டையிலேயே குத்தி வைத்திருந்த ஊசியை எடுத்து அந்தச் சட்டையில் குத்தினாள். நிமிர்ந்தாள். கிராதியைத் திறந்து உட்புறம் போய், இருபத்துமூன்று வருசத்துக்கு முன்னால் சுகிர்தம் நின்ற இடத்தில் நின்றாள். வலக்கை மெல்ல உயர்ந்தது. வாசற்படியில் இருந்த கிழவி புகைந்த கண்களால் அந்தக் கையையே பார்த்தாள், முழந்தாளில் இருந்தவளின் மூச்சு உள்ளே போய் வெளியே வராமல் நின்றது.

கை இறங்கி, முழந்தாளில் இருந்தவளின் தோளில் கிடந்த தூசியைத் தட்டியது.

"இன்னும் இல்லை, அக்கா," என்றாள் யோகம்.

"ஓம் பிள்ளை," என்றாள் சுகிர்தம்.

யோகம் வாளித் தண்ணீரைப் பூமரத்தடியில் ஊற்றினாள், விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள், கிழவியைக் கைத்தாங்கலாகத் தூக்கி நிறுத்தி, அவளுடைய வீட்டுப் படலை வரை கூட்டிக்கொண்டு போனாள்.

"போட்டு வாறன்," என்றாள்.

"போட்டு வா," என்றாள் சுகிர்தம்.